கோதாவரி எரிவாயுவுக்கு விலை வைப்பது யார்?

மாதம் பிறந்தால் கரண்ட் பில் வருகிறது. செகந்திராபாத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நம்மவரும், பாலாநகர் பட்டறைகளில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் நம்மவரும் அதைக் கட்டுகிறார்கள். போன மாதத்தைவிட ஏறியிருந்தால், “எல்லாம் விலைவாசி” என்று பெருமூச்சு விட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். விலைவாசி மழையைப் போலத் தானாகப் பெய்வதில்லை. எங்கோ ஓர் அறையில், ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் அதைத் தீர்மானிக்கிறார்கள். அந்த அறைக்குள் யார் போக முடிகிறது, யார் போக முடிவதில்லை என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

இயற்கை எரிவாயுவை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுச் சிலிண்டரில் வரும் திரவ வாயு அல்ல இது. பூமிக்கடியிலிருந்தும் கடலுக்கடியிலிருந்தும் எடுத்துக் குழாயில் அனுப்பப்படுவது. மின்சாரம் இதில் உற்பத்தியாகிறது. வயலுக்கு இடும் யூரியா இதில் தயாராகிறது. ஆட்டோவும் பஸ்ஸும் இதில் ஓடுகின்றன. இந்த வாயு ஏராளமாக இருப்பதாகச் சொல்லப்படும் கிருஷ்ணா-கோதாவரிப் படுகை நமக்கு அடுத்த வீடு. காக்கிநாடாவிலிருந்து குஜராத்தின் பரூச் வரை சுமார் 1,400 கிலோமீட்டருக்கு ஒரு குழாய் போகிறது. தெலங்கானா மண்ணுக்கு அடியில்தான் போகிறது. வாயு நம் காலடியில் ஓடுகிறது. அதன் விலையோ டில்லியில் முடிவாகிறது.

ஒப்பந்தத்தில் இருந்த ஓட்டை

எரிவாயுத் துறையில் தனியாரை அழைக்கும் புதிய கொள்கையை மத்திய சர்க்கார் 1999-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி 2000-ல் கோதாவரிக் கடலில் டி-6 என்று பெயர் பெற்ற பகுதி ரிலையன்ஸ் நிறுவனத்துக்கும் அதன் சிறு கூட்டாளியான கனடாவின் நைகோ கம்பெனிக்கும் கிடைத்தது. 2002-ல் பெரிய வாயு இருப்பு கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது.

வாசகர்கள் ஒப்பந்தத்தின் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். கம்பெனி போட்ட முதலை முதலில் எடுத்துக்கொள்ளும். மீதி லாபத்தில் சர்க்காருக்குப் பங்கு. அந்தப் பங்கு ஆரம்பத்தில் சொற்பம்; போட்ட முதலைப் போல் பல மடங்கு திரும்பி வந்த பிறகே சர்க்கார் பங்கு பெரும்பங்காக ஏறும். வீடு கட்டும் மேஸ்திரியிடம், “உன் செலவை முதலில் எடுத்துக்கொள், மிஞ்சியதில் எனக்குக் கொடு” என்று நாம் சொன்னால் என்ன ஆகும்? மேஸ்திரி யோக்கியனாகவே இருக்கலாம். ஆனாலும் சிமெண்டுக்கும் கம்பிக்கும் கணக்குக் கேட்காத வீட்டுக்காரன் புத்திசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2004-ல் 239 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட திட்டச் செலவு, 2006-ல் 880 கோடி டாலராக உயர்ந்தது. உற்பத்தித் திறனை இரட்டிப்பாக்கியதே காரணம் என்று கம்பெனி கூறியது. திறன் இரண்டு மடங்கு, செலவு ஏறக்குறைய நாலு மடங்கு. இந்த மாதிரி ஒப்பந்தம் செலவைக் குறைக்க யாரையும் தூண்டாது என்று தலைமைத் தணிக்கை அதிகாரி 2011-ல் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட அறிக்கையில் குறை கண்டார்.

உற்பத்தி என்ன ஆயிற்று? நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்ற நம்பிக்கை. 2010-ல் 6 கோடியைத் தொட்டது. பிறகு சரிந்துகொண்டே போயிற்று. பூமியின் அமைப்பு எதிர்பார்த்தபடி இல்லை என்று கம்பெனி சொன்னது. விலை ஏறட்டும் என்று வாயுவை உள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பார் சொன்னார்கள். கடலுக்கடியில் இருப்பதைப் பார்த்தவர் யார்? விவரம் முழுவதும் ஒரே கையில் இருந்தால், கொள்கையும் அந்தக் கையைப் பார்த்துத்தான் நடக்கும். லஞ்சத்தைக் காட்டிலும் பலமான செல்வாக்கு இது.

இரண்டு டாலர், நாலு டாலர், எட்டு டாலர்

எரிவாயுவுக்கு விலை பேசுவது அதன் உஷ்ண சக்தியை வைத்து. பத்து லட்சம் பிரிட்டிஷ் தெர்மல் யூனிட் என்பது ஓர் அளவு. பொதுத்துறை என்.டி.பி.சி. நிறுவனத்தின் டெண்டரில் 2004-ல் ரிலையன்ஸ் கேட்ட விலை இந்த அளவுக்கு 2.34 டாலர். அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை, என்.டி.பி.சி. 2005-ல் பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2007 செப்டம்பரில் திரு. பிரணாப் முகர்ஜி தலைமையிலான மந்திரிகள் குழு 4.20 டாலர் விலையை அங்கீகரித்தது. இதற்கிடையே சகோதரர்கள் இருவருக்குள் பாகப்பிரிவினை வழக்கு வந்து, அது சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. வாயு தேசத்தின் சொத்து, விலை வைப்பது சர்க்காரின் அதிகாரம் என்று 2010 மே மாதம் தீர்ப்பாயிற்று. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தச் சர்க்காரின் காதைப் பிடித்திருப்பவர் யார் என்று கோர்ட் சொல்ல முடியாதல்லவா?

2012-ல் டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. அவர் ஆந்திரப் பிரதேசத்தின் கவர்னராக ஹைதராபாத் ராஜ்பவனில் இருந்தவர்; ரிசர்வ் வங்கிக் கவர்னராக இருந்தவர்; நம்மவர். அவருடைய நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் கமிட்டி சொன்ன சூத்திரம் விசித்திரமானது. அமெரிக்காவின் விலை, இங்கிலாந்தின் விலை, ஜப்பான் இறக்குமதி செய்யும் விலை ஆகியவற்றைக் கூட்டிச் சராசரி பார்த்து கோதாவரி வாயுவுக்கு விலை வைப்பது. ஜப்பானில் வாயு அநேகமாகக் கிடையாது. கப்பலில் குளிரவைத்துக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் கிணறு உள்ளவனிடம் லாரித் தண்ணீரின் விலையைக் கேட்பது போன்ற கணக்கு இது. 2013 ஜூனில் காபினெட் இதை ஏற்றது. 2014 ஏப்ரல் முதல் 8.4 டாலர் வரை போகும் என்று பேசப்பட்டது.

டாலரில் விலை வைப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. கோதாவரியில் எடுத்து, இந்தியத் தொழிலாளி குழாய் போட்டு, இந்தியனுக்கே விற்கும் சரக்குக்கு டாலரில் விலை. 2007-ல் ஒரு டாலர் சுமார் 40 ரூபாய், அப்போது 4.20 டாலர் என்பது 168 ரூபாய். 2014-ல் டாலர் சுமார் 60 ரூபாய், அதே 4.20 டாலர் 252 ரூபாய். 8.4 டாலர் ஆகியிருந்தால் 504 ரூபாய். ஏழு வருஷத்தில் மூன்று மடங்கு! வாயு விலை ஒரு டாலர் ஏறினால், அதில் உற்பத்தியாகும் மின்சாரம் யூனிட்டுக்கு அன்றைய கணக்கில் 45 பைசா போல ஏறும். 4.20 டாலர் ஏற்றம் என்றால் யூனிட்டுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய். நம் குமாஸ்தா நண்பருக்கு இந்தக் கூட்டல் தெரியாததல்ல. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

அந்த விலை அமலுக்கு வரவில்லை. தேர்தல் வந்தது, தேர்தல் கமிஷன் தள்ளிவைக்கச் சொன்னது. பிறகு வந்த சர்க்கார் 2014 நவம்பர் முதல் 5.05 டாலர் என வேறு சூத்திரம் கண்டது. ஆனால் ஆழ்கடல் வாயுவுக்கு 2016-ல் தனி உச்சவரம்பு வந்தது. 2022 அக்டோபரில் அது 12.46 டாலர் வரை போயிற்று.

மந்திரிகள் மாறிய கதை

2004-ல் பெட்ரோலிய இலாகாவை ஏற்றவர் மயிலாடுதுறை எம்.பி. திரு. மணிசங்கர் ஐயர். ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாகக் குழாய் போட்டு வாயு கொண்டுவரலாம் என்று பாடுபட்டவர். 2006 ஜனவரியில் அவரிடமிருந்து இலாகா எடுக்கப்பட்டு பம்பாய்க்காரரான திரு. முரளி தேவ்ராவுக்குப் போயிற்று.

அடுத்தது இந்த ஊர்க் கதை. சேவெள்ளா எம்.பி. திரு. ஜெய்பால் ரெட்டி 2011 ஜனவரியில் அந்த இலாகாவுக்கு வந்தார். தணிக்கைக்குக் கம்பெனி இணங்கியாக வேண்டும் என்றார். உற்பத்தி குறைந்ததற்காக 100 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவை ஏற்க முடியாது என்று 2012 மே மாதம் அவர் இலாகா நோட்டீஸ் அனுப்பியது. காலம் முடியுமுன் விலையைத் திருத்த இணங்கவில்லை. 2012 அக்டோபரில் அவர் விஞ்ஞான இலாகாவுக்கு மாற்றப்பட்டார். கம்பெனிக்கு இடைஞ்சலாக இருந்ததால்தான் மாற்றம் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின, காங்கிரஸ் மறுத்தது. உண்மை எதுவாயினும், நோட்டீஸ் அனுப்பிய மந்திரியை நடுவில் மாற்றினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலைகூட மேலிடத்துக்கு இல்லாமற் போயிற்று என்பது மட்டும் நிச்சயம்.

அவருக்குப் பின் வந்த திரு. வீரப்ப மொய்லி 2013 ஜூனில் ஒரு விஷயத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். எண்ணெய் இறக்குமதி செய்வோரின் கூட்டம் பெட்ரோலிய மந்திரிகளை மிரட்டுகிறது; உள்நாட்டு உற்பத்தி பெருகுவதை அது விரும்பவில்லை என்றார். ஆக, செல்வாக்குச் செலுத்தும் கூட்டம் உண்டு என்பதில் இரு தரப்புக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. எந்தக் கூட்டம் என்பதில்தான் பேதம். 2014 பிப்ரவரியில் டில்லி முதல் மந்திரியாக இருந்த திரு. கேஜ்ரிவால் இவ்விஷயத்தில் வழக்குப் பதிவு செய்ய உத்தரவிட்டுவிட்டு, சில நாட்களில் ராஜினாமா செய்தார். அந்தக் குற்றச்சாட்டு கோர்ட்டில் நிரூபணமாகவில்லை என்பதையும் சொல்லவேண்டியது நியாயம்.

செல்வாக்கு என்றால் பெட்டியில் பணம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சட்டப்படியே பல வாசல்கள் திறந்திருக்கின்றன. அன்றைய கிருஷ்ணா மாவட்டத்துக் கொண்டபல்லியில் எரிவாயு மின் நிலையம் நடத்திய லேங்கோ நிறுவனத்தின் ஸ்தாபகர் 2004 முதல் 2014 வரை விஜயவாடாவின் எம்.பி. ரிலையன்ஸ் நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் 2020-ல் ஆந்திரப் பிரதேசத்திலிருந்தே ராஜ்ய சபைக்குத் தேர்வானார். அன்றைய ஆளுங்கட்சிதான் அவரை நிறுத்தியது. தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றதும் வெளிவந்த பட்டியலில், 966 கோடி ரூபாய்க்கு வாங்கி இரண்டாம் இடத்தில் நின்றது நம் ஹைதராபாத்தின் மேகா நிறுவனம். அணைக்கட்டு வேலைகளோடு பல மாவட்டங்களில் குழாய் எரிவாயு விநியோகமும் அதன் தொழில். இவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விலை முடிவாகும் அறையின் வாசல் அவர்களுக்குத் திறக்கிறது. பில் கட்டுபவனுக்குத் திறப்பதில்லை என்றுதான் சொல்கிறேன்.

இருபக்கமும் இடி

இதன் பலனை அனுபவித்தவர்கள் யார்? வாயு வரும் என்று நம்பிக் கோதாவரிக் கரையில் மின் நிலையங்கள் எழும்பின. 2013 மார்ச் முதல் டி-6 வாயு மின் நிலையங்களுக்கு அறவே நின்றது. உள்நாட்டு வாயு கிடைக்காமல் தேசமெங்கும் முடங்கிய நிலையங்களின் திறன் 14,305 மெகாவாட் என்று 2015-ல் மத்திய சர்க்காரே கணக்கிட்டது. காக்கிநாடாவுக்கு அருகே சாமர்லகோட்டாவில் 2,400 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட நிலையத்தின் இயந்திரங்களில் ஒரு பகுதி பங்களாதேஷுக்குப் போயிற்று. லேங்கோ இன்ஃப்ராடெக் 2017-ல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2018-ல் கலைக்கப்பட உத்தரவாயிற்று. இவற்றுக்கெல்லாம் கடன் கொடுத்தவற்றில் நாம் சேமிப்புப் போட்டிருக்கும் வங்கிகளும் உண்டு.

2012-ல் மின்சாரப் பஞ்சம் வந்தபோது இங்கே தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் சில நாட்கள் மின் விடுமுறை விட்டதைப் பழைய ஆட்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாயுத் தட்டுப்பாடு அதற்கு ஒரு காரணம். ஜீடிமெட்லாவிலும் பாலாநகரிலும் தினக்கூலிக்கு நின்றவர்களுக்கு அது சம்பளமில்லாத விடுமுறை. அதோடு எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று பில்லில் ஒரு வரி. மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பார்கள். உபயோகிப்பவனாக ஓர் இடி, வரி கட்டுபவனாக ஓர் இடி. கோதாவரிக் கரைக் கிராமத்தானுக்கோ உயிருக்கே இடி. 2014 ஜூன் 27 அதிகாலையில் நகரம் என்ற ஊரில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கொண்டபல்லி மின் நிலையத்துக்கு வாயு கொண்டுபோன குழாய் அது.

மின் கட்டணம் என்றால் இந்த ஊருக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. 2000 ஆகஸ்ட் 28 அன்று கட்டண உயர்வை எதிர்த்துச் சட்டசபை நோக்கிச் சென்றவர்கள் மீது பஷீர்பாகில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. விலை முடிவாகும் அறைக்குள் இடமில்லாதவன் தெருவுக்கு வந்தால் நேர்வது இதுதான்.

மறுதரப்பும் உண்டு

தனியார் முதல் போட மாட்டார்களா, ஆழ்கடலில் துளையிடுவது லேசான காரியமா என்று கேட்பார்கள். லேசான காரியம் அல்ல. கிணறு வறண்டால் நஷ்டம் கம்பெனிக்குத்தான். விலை கட்டுப்படியானால்தான் எவரும் இறங்குவார்கள். பிரிட்டிஷ் நிறுவனமான பி.பி.யோடு சேர்ந்து 2020 டிசம்பர் முதல் ரிலையன்ஸ் டி-6 பகுதியில் புதிய வயல்களைத் திறந்ததும் உற்பத்தி மீண்டும் பெருகியதும் உண்மை. சர்க்கார் கம்பெனி என்றால் எல்லாம் சரி என்பதும் இல்லை. குஜராத் அரசின் ஜி.எஸ்.பி.சி. இதே படுகையில் 20 டிரில்லியன் கன அடி வாயு கிடைத்ததாக 2005-ல் அறிவிக்கப்பட்டது. கோடி கோடியாகச் செலவாகியும் அந்த வாயு வரவில்லை. கடைசியில் 2017-ல் பொதுத்துறை ஓ.என்.ஜி.சி.யின் தலையில் சுமார் 7,700 கோடி ரூபாய்க்கு அது கட்டப்பட்டது. ஆகவே தனியாரா, சர்க்காரா என்பதல்ல கேள்வி. கணக்கு வெளிச்சத்துக்கு வருகிறதா என்பதே கேள்வி.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் பாறையைப் பிளந்து வாயு எடுக்கும் முறைக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து 2005-ல் விலக்குக் கிடைத்தது. அந்தத் தொழிலில் முன்னணியில் உள்ள ஹாலிபர்ட்டனின் தலைவராக இருந்தவர் அப்போது உபஜனாதிபதி. ஐரோப்பாவில் 2022-ல் சில நிபந்தனைகளோடு எரிவாயுவையும் பசுமை முதலீட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் நாட்டில் 2030-க்குள் எரிசக்தியில் 15 சதவீதம் எரிவாயு என்பது குறிக்கோள். இன்னும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. எரிக்கும்போது நிலக்கரியைவிட வாயு சுத்தமானது என்பது மெய். ஆனால் உபயோகத்தில் ஏறக்குறைய பாதி கப்பலில் வருகிறது. துறைமுக நிலையங்களும் குழாய்களும் கட்டிவிட்டால், விலை எதுவானாலும் வாங்கியே தீரவேண்டும் என்ற வாதம் நாளைக்கு வரும். தொன்னை வாங்கிவிட்டோம் என்பதற்காக நெய் வாங்கிக்கொண்டே இருக்க முடியாது.

ஜனங்களின் குரலுக்குப் பலனே இல்லையா? உண்டு. நம் தஞ்சைச் சீமையில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் வருஷக்கணக்கில் நின்றார்கள். தமிழ்நாடு அரசு 2015-ல் அத்திட்டத்துக்குத் தடை விதித்தது. நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-ல் எழுந்தன. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. அவர்களிடம் தேர்தல் பத்திரம் இல்லை. ராஜ்ய சபை ஸ்தானமும் இல்லை. ஊர் ஒன்றாக நின்றது. அதுதான் அவர்கள் பலம்.

நாம் செய்யக்கூடியது என்ன? பட்டணத்துச் சம்பளக்காரனுக்கு மறியலுக்கு நேரம் இல்லை என்பது தெரிந்ததே. ஆனால் தெலங்கானா மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன் கட்டணத்தை மாற்றுமுன் பகிரங்க விசாரணை நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், நேரில் பேசலாம். அன்னிய மாநிலத்தான் என்று யாரும் தடுக்க முடியாது. பில் கட்டுபவன் எவனும் அங்கே வாதி. நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு வசூல் செய்யும் சிரத்தையில் பாதியைச் செலவிட்டால், கணக்குத் தெரிந்த குமாஸ்தா இருவரை அந்த விசாரணைக்கு அனுப்பலாம்.

டில்லியிடம் கேட்க வேண்டியவை மூன்று. எரிவாயு ஒப்பந்தங்களும் செலவுக் கணக்கும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். விலைக் கமிட்டி எதிலும் உபயோகிப்போரின் பிரதிநிதி உட்கார வேண்டும். அந்தத் தொழிலில் சம்பந்தமுள்ள எம்.பி.க்கள் அவ்விஷயம் வரும்போது விலகி நிற்க வேண்டும். இவற்றில் எதற்கும் பணச் செலவு இல்லை.

ஓ.என்.ஜி.சி.யின் வயலிலிருந்து பக்கத்து வயலுக்குக் கசிந்து போன வாயு பற்றிய வழக்கு 2014-ல் தொடங்கியது. மத்தியஸ்தம் 2018-ல் கம்பெனிக்குச் சாதகமாயிற்று. 2025 பிப்ரவரியில் டில்லி ஐகோர்ட் பெஞ்சு அதை ரத்து செய்தது. சர்க்கார் 281 கோடி டாலர் கேட்டிருக்கிறது; மேல்முறையீடு செய்யப்போவதாகக் கம்பெனி சொன்னது. பத்து வருஷத்துக்கு மேல் வழக்காட அவர்களுக்கு வசதி உண்டு. நமக்கு அந்த வசதி இல்லை. பில்லில் கண்ட தேதிக்குள் கட்டாவிட்டால் பதினைந்தே நாளில் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பான்.